வெடிச்சுப்போன ஒயில் பில்டர்

1

ஒக்லாந்தில் குளிர்காலத்து வெயிலை நம்பக் கூடாது. போன ஞாயிறு அதை நம்பி நான் உடுப்புக் காயப்போட்டேன். மகள் மீரா தன் காருக்கு ஒயில் மாற்றப் புறப்பட்டாள்.

மீரா இப்போது எங்களோடு இல்லை. நகரின் மறுபக்கத்தில் இரண்டு சிநேகிதிகளோடு வீடு எடுத்திருக்கிறாள். ஞாயிறுகளில் நண்டுக் குழம்புக்கு வருவாள், சாப்பிட்டதும் போய்விடுவாள். இந்தக் கார் அவள் சம்பாத்தியத்தில் வாங்கிய முதல் கார். கராஜுக்குக் கொடுக்க மாட்டாளாம். போனில் படம் பார்த்து எல்லாம் படித்துவிட்டாளாம். எங்கள் வீட்டு முற்றத்தில் காரை ஏற்றி நிறுத்தி, அடியில் படுத்து, பழைய ஒயிலைத் தட்டில் வடித்தும் விட்டாள். என் கணவர் சிவநேசன் பிளாஸ்டிக் கதிரையில் தேநீரோடு இருந்து பார்த்துக்கொண்டிருந்தார். இடுப்பில் ஒப்பரேசன் செய்த பிறகு அவரால் குனிய முடிவதில்லை.

ஒயில் பில்டர்தான் வரவில்லை. ஒரு சின்ன ஜாம் போத்தல் அளவு தகரப் பேணி அது. கையால் திருப்பினாள், துணி சுற்றித் திருப்பினாள், மணிக்கட்டு சிவந்ததுதான் மிச்சம். கடைசியில் என்னிடம் பெரிய ஸ்குரூ டிரைவர் இருக்கிறதா என்று ஆங்கிலத்தில் கேட்டாள். பேணியின் வயிற்றில் குத்தி, அதையே பிடியாக வைத்துத் திருப்பலாம் என்று படத்தில் காட்டியிருக்கிறார்களாம்.

"மீரா, குத்தாதை," என்றார் இவர்.

"ஏன் அப்பா?"

இவர் கோப்பையைக் கீழே வைத்தார். எழும்பி உள்ளே போனார். கதவு சாத்தப்பட்டது.

மீரா காருக்கு அடியிலிருந்து தலையை நீட்டினாள். முகத்தில் ஒரு கறுப்புக் கோடு. "எப்போதும் இப்படித்தான்," என்றாள் ஆங்கிலத்தில். "ஒரு கேள்வி கேட்டால் எழும்பிப் போவார். அப்பாவுக்கு என்னிடம் சொல்ல ஒன்றுமே இல்லையா?"

நான் அந்தப் பிளாஸ்டிக் கதிரையில் உட்கார்ந்தேன். இனியும் சொல்லாமல் இருப்பது சரியில்லை என்று பட்டது.

2

நான் கொழும்பில், கொட்டாஞ்சேனையில் பிறந்து வளர்ந்தவள். எங்கள் வரிசையில் ஒரு பக்கத்து வீடு சிங்களம், மறு பக்கத்து வீடு கொழும்புச் செட்டி. விளையாடும்போதும் சண்டை பிடிக்கும்போதும் வாய்க்கு எது வருகிறதோ அதுதான் பாஷை. சிங்களத்தை நான் படித்ததில்லை. அது தடிமன் காய்ச்சல் மாதிரித் தொற்றியது.

இவர் யாழ்ப்பாணம். முப்பது வயதுக்குப் பிறகு கொழும்புக்கு வந்து, ஒருகொடவத்தையில் கொள்கலன்கள் அடுக்கி வைக்கும் ஒரு யார்டில் கணக்காளராக வேலை செய்தார். இவருடைய சிங்களம் பஸ் கொண்டக்டர்களிடமும் லொறிச் சாரதிகளிடமும் பொறுக்கியது. முதலில் தமிழில் யோசிப்பார். பிறகு ஒவ்வொரு சொல்லாகத் தூக்கி அந்தப் பக்கம் வைப்பார். சில சொற்கள் வழியில் விழுந்து உடையும்.

கலியாணம் முடித்து வெள்ளவத்தையில், கடலை நோக்கி இறங்கும் ஒழுங்கைகளில் ஒன்றில் மேல்மாடி வீடு எடுத்தோம். இன்றைக்கும் கண்ணை மூடினால் அந்த ஒழுங்கையின் மணம் வருகிறது. காலி நகருக்குப் போகும் காலி வீதிப் பக்கமிருந்து உழுந்து வடை பொரியும் வாசம் வரும், எதிர்ப்பக்கமிருந்து கடல். கல்கிசைக்குப் போகும் ரயில் கடந்தால் எங்கள் அலுமாரிக்குள் கோப்பைகள் ஒன்றோடொன்று கதைக்கும். பின்னேரம் ஐந்தரைக்குப் பெண்கள் நாங்கள் தண்டவாளம் தாண்டிப் போய்க் கற்களில் உட்கார்ந்து, சோதனைச் சாவடியையும் மாமியாரையும் ஒரே மூச்சில் திட்டிவிட்டு வருவோம். அங்கே உப்புக் காற்றுக்குத் தப்பிய இரும்பு கிடையாது. ஜன்னல் கீல், சைக்கிள் சங்கிலி, பூட்டு, எல்லாம் ஒரு வருடத்தில் இறுகிப் பிடித்துவிடும்.

கார் ஒரு பழைய நிசான் சன்னி. மாமி ஊரிலிருந்து கடிதம் எழுதிக் கேட்டா, சனியைக் காசு குடுத்தே வாங்கினனி தம்பி என்று. சனி இல்லை, சன்னி என்று இவர் பதில் போட்டார். எல்லாம் ஒண்டுதான் என்று மறு கடிதம் வந்தது.

அந்தக் காரை இவர் எந்தக் கராஜிலும் இரவில் விடமாட்டார். கஞ்சத்தனம் இல்லை, பயம். கொழும்பில் கார்க்குண்டுகள் வெடித்த யுத்த காலம் அது. ஓர் இரவு கராஜில் நின்ற கார் அந்த இரவு எங்கே போய் வந்தது என்று யாரால் சொல்ல முடியும்? ஏதாவது நடந்தால் நம்பர் தகட்டைப் பிடித்துக்கொண்டு சொந்தக்காரனைத் தேடித்தான் வருவார்கள். அதிலும் சொந்தக்காரனின் அடையாள அட்டையில் பிறந்த இடம் யாழ்ப்பாணம் என்று இருந்தால் கேட்கவே வேண்டாம். ஆகவே கணக்குப் புத்தகத்தைத் தவிர வேறெதையும் திறந்திராத மனிதர், கார்ப் பொனற்றைத் திறக்கப் பழகினார்.

3

அன்று போயா, பௌர்ணமி விடுமுறை. கீழே வீட்டுக்காரர் மதில் கட்ட மணல் குவித்திருந்ததால், காரை ஒழுங்கையின் கடைசியில், தண்டவாளத்துக்குக் கிட்ட, மர நிழலில் நிறுத்தியிருந்தார். ஒயில் வடிந்தது. பில்டர் வரவில்லை. எஞ்சினின் மறுபக்கம் நின்று, எஞ்சினுக்கு மேலாகக் கையை விட்டுத் திருப்பினார். என் பழைய சேலையில் ஒரு துண்டு கிழித்துச் சுற்றித் திருப்பினார். பிறகு ஸ்குரூ டிரைவரைக் குத்தி நெம்பினார். பில்டர் அசையவில்லை, தகரம்தான் கிழிந்தது. இன்னொரு இடத்தில் குத்தினார். அதுவும் கிழிந்தது.

"இனி என்ன செய்யிறது?" என்று கேட்டேன்.

"முதல்ல ஒரு தேத்தண்ணி போடும். யோசிப்பம்," என்று மேலே ஏறி வந்துவிட்டார்.

அதுதான் பிழைத்துப்போனது. பொனற் திறந்தபடி, கீழே ஒரு பேசினில் கறுப்பாக ஏதோ நிரம்பியபடி, பக்கத்தில் ஆளில்லாமல், தண்டவாளத்தின் ஓரத்தில் ஒரு கார். யாரோ தகவல் கொடுத்திருக்க வேண்டும். அவர்கள் மீது எனக்குக் கோபமில்லை. அந்த நாட்களில் ஆளில்லாத காரைக் கண்டால் நானே மற்றப் பக்கத்தால் நடந்தவள்தான்.

ஜன்னலால் பார்த்தபோது ரோந்துக்காரர்கள் தூரத்தில் நின்று எல்லாரையும் விலகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். இவர் கோப்பையை வைத்துவிட்டு, கறுத்த கைகளோடு அப்படியே ஓடினார். நான் செருப்பைத் தேடிக் காலில் மாட்டி இறங்குவதற்குள் சொல்லக் கூடாததைச் சொல்லிவிட்டார்.

தமிழில் எங்களுக்கு வெடிப்பு சுவரிலும் வரும், குதிக்காலிலும் வரும். கண்ணாடி கீறினாலும் வெடிச்சுப்போச்சு, தகரம் பிளந்தாலும் வெடிச்சுப்போச்சு. இவர் அந்தச் சொல்லைத்தான் தூக்கிக்கொண்டு போய்ச் சிங்களத்தில் வைத்திருக்கிறார்.

"பில்டர் எக்க பிபுருணா, சேர்."

சிங்களத்தில் பிபுருணா என்றால் குண்டு வெடிப்பது.

சார்ஜன்ட் இரண்டடி பின்னால் போனார். துப்பாக்கிகள் நிமிர்ந்தன. அவர்களுக்குக் கேட்கவில்லையாக்கும் என்று நினைத்து இவர் இன்னும் உரத்துச் சொன்னார். "பிபுருணா, சேர். பிபுருணா."

நான் போய்ச் சேர்ந்தபோது இவர் மதிலுக்கு முகம் கொடுத்து, கைகளைத் தலைக்கு மேல் தூக்கி நின்றார். முழங்கையால் ஒயில் வழிந்துகொண்டிருந்தது. நான் எனக்குத் தெரிந்த சிங்களம் முழுவதையும் கொட்டினேன். இது எங்கள் கார், ஒயில் மாற்றுகிறார், பில்டர் இறுகிவிட்டது, இவருக்குப் பாஷை வராது என்றேன். சார்ஜன்ட் என்னைப் பார்த்தார், அடையாள அட்டையைப் பார்த்தார். அதில் இவருடைய பெருவிரல் கறுப்பாகப் பதிந்திருந்தது.

"நீங்கள் சொல்வது உண்மையாக இருக்கலாம்," என்றார். "ஆனால் ஆள் ஸ்டேஷனுக்கு வரவேண்டும். பொழுது படுவதற்குள் இந்தக் காரை ஓட்டிக்கொண்டு வாருங்கள். ஓடினால் ரிப்பேர். ஓடாவிட்டால் நாங்கள் இழுத்துக்கொண்டு போய்த் துண்டு துண்டாகக் கழற்றிப் பார்ப்போம். அதுவரை இவர் அங்கேதான்."

இவரை ஜீப்பில் ஏற்றினார்கள். ஒரு கொன்ஸ்டபிளைக் காவலுக்கு விட்டார்கள். அந்த மனிதர் காரிலிருந்து மிகவும் தள்ளி, வீட்டுக்காரரின் மணல் குவியலுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார்.

4

எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. பில்டர் எந்தப் பக்கம் இருக்கிறது என்றுகூட அதுவரை தெரியாது. நடுத்தெருவில் நின்று அழுதேன்.

கீழ் வீட்டுச் சிறியானி அக்கா வெளியே வந்தார். மாத்தறைப் பெண், கல்கிசையில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆசிரியை. கணவர் மத்திய கிழக்கில். தன் சின்னக் காரைத் தானே ஓட்டிப் பள்ளிக்கூடம் போய் வருவார்.

"நங்கி, அழுகையைப் பிறகு வைத்துக்கொள்," என்றார் சிங்களத்தில், என்னைத் தங்கச்சியாக்கி. "இதைக் கழற்றினால் நான் ஓட்டுவேன். ஹனீபா நானாவைக் கூப்பிடு."

ஹனீபா நானா ஒழுங்கை முனையில் ஆணி, பெயின்ற், பூட்டு விற்கும் கடை வைத்திருந்தார். சுத்தியலும் உளியும் குறடும் தூக்கிக்கொண்டு வந்தார்.

"தங்கச்சி, பதறாதீங்க. நாங்க ஈக்கிறோம் தானே," என்றார். "எனக்கு முதுகு புடிச்சிக்கும், கீழ பூர ஏலாது. என்ன செய்யணும்னு சொல்றேன். நீங்க ரெண்டு பேரும் செய்ங்க."

கிழிந்த தகரத்தைக் குறடால் பிய்த்து எடுத்தோம். எஞ்சினோடு ஒட்டியபடி வட்டமான அடித்தட்டு மட்டும் மிஞ்சியது. அதன் விளிம்பில் உளியை வைத்துத் தட்டித் தட்டித் திருப்ப வேண்டும் என்றார் நானா. சிறியானி அக்கா ஹவுஸ்கோட்டோடு காருக்கு அடியில் படுத்தார். நான் இவர் நின்ற இடத்தில், மேலே குனிந்து டோர்ச் பிடித்தேன். இவர் திருப்பிய பக்கத்துக்கே தட்டினோம். உளி வழுக்கியது, தட்டு அசையவில்லை. அக்காவின் விரல் நசுங்கி இரத்தம் வந்தது. அவர் சேலை நுனியைத் தேடி, ஹவுஸ்கோட் என்று ஞாபகம் வந்து, அதிலேயே துடைத்துக்கொண்டார்.

"இடப்பக்கம், அக்கே, இன்னும் இடப்பக்கம்," என்றேன்.

கீழேயிருந்து குரல் வந்தது. "எந்த இடப்பக்கம்? உன்னுடைய இடமா, என்னுடைய இடமா?"

நான் டோர்ச்சைக் கையில் வைத்துக்கொண்டே கீழே படுத்து, அக்காவுக்குப் பக்கத்தில் ஊர்ந்து போய்ப் பார்த்தேன். மேலே நின்று நான் பார்த்தது பில்டரின் முதுகுப் பக்கம். கீழே வந்தால்தான் அதன் முகம் தெரிந்தது. முகத்தில் இடமாக இருப்பது முதுகில் வலம்.

"ஐயோ, நங்கி," என்றார் அக்கா. "உன் மனிசன் காலையிலிருந்து இதை இறுக்கிக்கொண்டல்லவா இருந்திருக்கிறார்."

அந்த நிலைமையில் சிரிப்பு வந்திருக்கக் கூடாது. வந்தது. இரண்டு பெண்கள் காருக்கு அடியில், தலைமயிரில் ஒயிலோடு, கண்ணீர் வர வரச் சிரித்தோம். மணலுக்குப் பின்னால் நின்ற கொன்ஸ்டபிள் என்னவோ ஏதோவென்று எட்டிப் பார்த்தார். பிறகு மறுபக்கம் தட்டினோம். முதலில் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு பழைய கதவு கிறீச்சிடுவது போல ஒரு சத்தம் வந்தது. தட்டு நகர்ந்தது.

இந்த விஷயத்தை நாங்கள் இவருக்குச் சொல்லவே இல்லை. இந்தக் குறிப்பை இவர் வாசிப்பார். வாசிக்கட்டும்.

புதுப் பில்டரின் ரப்பர் வளையத்தில் ஒயில் தடவிக் கையாலேயே பூட்டினோம். நானா புது ஒயிலை ஊற்றினார். பழைய ஒயிலைத் தன் கடைப் பலகைகளுக்குக் கறையான் பிடிக்காமல் பூச எடுத்துக்கொண்டார். அக்கா சாவியைத் திருப்பினார். எஞ்சின் ஒருமுறை இருமியது, பிறகு ஓடியது. அதற்குப் பிறகுதான் கொன்ஸ்டபிள் காருக்குக் கிட்ட வந்து, தானே முன்கதவைத் திறந்து ஏறிக்கொண்டார்.

5

பொலிஸ் நிலையத்தில் பொறுப்பதிகாரியே வெளியே வந்து பார்த்தார். பொனற்றைத் திறக்கச் சொன்னார். எஞ்சினை நிறுத்தி மறுபடி ஓட்டச் சொன்னார். கிழிந்த பில்டரை நான் ஒரு பேசினில் வைத்துக் கொண்டுபோயிருந்தேன். அதைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

இவரை உள்ளேயிருந்து கூட்டி வந்தார்கள். அடித்ததாகத் தெரியவில்லை. கை கழுவ மட்டும் விட்டிருக்கவில்லை போலும். முகத்தைத் துடைத்த இடமெல்லாம் கறுப்பாக இருந்தது.

"இதற்கு என்ன நடந்தது?" என்று அதிகாரி இவரிடம் கேட்டார்.

இவர் வாய் திறக்கவில்லை. என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை நான் அதற்கு முன் கண்டதில்லை.

"இரிலா, சேர்," என்றேன். கிழிந்துவிட்டது என்று அர்த்தம்.

"அதுதான் சொல். இரிலா. பிபுருணா அல்ல," என்றார் அதிகாரி இவரிடம். "எங்கே, சொல்லு பார்ப்போம்."

"இரிலா," என்றார் இவர். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அதிகாரியும் சிரித்தார். கெட்ட சிரிப்பு இல்லை. போகலாம் என்று அடையாள அட்டையைத் திருப்பிக் கொடுத்தார்.

உள்ளே நடையில், பிடித்துவைத்திருந்த தமிழர் மூன்று பேர் தரையில் இருந்தார்கள். நாங்கள் திரும்பும்போது அவர்களில் ஒருவர் மெதுவாக, "அக்கா, எங்கட லொட்ஜுக்கு ஒருக்காச் சொல்லிவிடுங்கோ," என்று இடத்தைச் சொன்னார். அன்று பின்னேரமே ஹனீபா நானா போய்ச் சொல்லிவிட்டு வந்தார். அவர்களுக்குப் பிறகு என்ன நடந்தது என்று எங்களுக்குத் தெரியாது. அவர்களிடம் ஓட்டிக்கொண்டு வந்து காட்ட ஒரு கார் இருக்கவில்லை.

சிறியானி அக்கா காரை ஓட்டினார். நானும் இவரும் பின்னால் இருந்தோம். காலி வீதி நெடுகப் போயா வெளிச்சக்கூடுகள் கட்டிக்கொண்டிருந்தார்கள். இவருடைய உதடுகள் அசைந்துகொண்டிருப்பதைக் கண்டேன். ஏதோ தேவாரம் என்று நினைத்தேன். காதைக் கொடுத்தபோதுதான் தெரிந்தது. இரிலா, இரிலா, இரிலா.

6

அன்றைக்குப் பிறகு இவர் வீட்டுக்கு வெளியே கதைப்பதை விட்டுவிட்டார். சாவடியில், தபாற் கந்தோரில், பஸ்ஸில், எல்லா இடத்திலும் நான்தான். இரண்டு வருடம் கழித்து, காரை விற்றுவிட்டு இங்கே வந்தோம். இங்கே சாவடி இல்லை. வாய் திறக்கும் என்று நினைத்தேன்.

வந்த புதிதில் வேலைத்தலத்தில் ஒருவர் இவரிடம், உன்னுடைய வாரண்ட் முடிந்துவிட்டது, கவனம் என்று நல்லெண்ணத்தோடு சொல்லியிருக்கிறார். இந்த நாட்டில் கார் ஓடத் தகுதியானது என்று கண்ணாடியில் ஒட்டும் சின்ன அட்டைக்கு வாரண்ட் என்று பெயர். எங்களுக்கு அந்தச் சொல்லின் அர்த்தம் வேறு. இவர் வீட்டுக்கு வந்து கதவைப் பூட்டி, திரைச்சீலையை இழுத்துவிட்டு, என்னையும் மெதுவாகக் கதைக்கச் சொன்னார். நான் விசாரித்து விளங்கப்படுத்திய பிறகும் சிரிக்கவில்லை. "பாரும், தெரிஞ்ச சொல்லே இப்பிடி எண்டால்," என்று மட்டும் சொன்னார்.

வங்கி, வைத்தியர், குடிவரவுக் கந்தோர் எல்லாவற்றுக்கும் இவர் பைலைத் தூக்கிக்கொண்டு கூட வருவார். கதைப்பது நான். மீராவின் பள்ளிக்கூடக் கூட்டங்களுக்குக் காரோட்டி வந்து, வாசலில் காரிலேயே இருப்பார். பட்டமளிப்பு நாளில் அவளுடைய சிநேகிதிகளின் பெற்றோர் வந்து கைகொடுத்தார்கள். இவர் சிரித்தார், தலையாட்டினார், ஒதுங்கிப்போய் ஒரு பூஞ்செடியைப் பார்த்துக்கொண்டு நின்றார். அன்று மீராவின் முகத்தைக் கண்டேன். தன்னைப் பற்றிச் சொல்ல அப்பாவிடம் ஒன்றுமில்லை என்று அவள் முடிவுகட்டியது அன்றாகத்தான் இருக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் அவள் வேறு வீடு பார்த்ததும்.

7

இவ்வளவையும் தமிழும் ஆங்கிலமுமாகச் சொல்லி முடித்தபோது வெயில் போய்விட்டிருந்தது. மீரா காருக்குப் பக்கத்தில் சப்பாணி கட்டி இருந்தாள். "ஸ்குரூ டிரைவர் வேண்டாம்," என்றாள்.

சட்டி கழுவும் என் ரப்பர் கையுறையைக் கொடுத்தேன். அதைப் போட்டுக்கொண்டு படுத்தாள். நான் அவள் முழங்கையைத் தாங்கிப் பிடித்தேன். இரண்டு பேருடைய பலத்திலும் பில்டர் மெல்ல விட்டுக்கொடுத்தது. ஆனால் அவள் தபாலில் எடுப்பித்திருந்த புதுப் பில்டரின் வாய் பெரிது. பூட்ட முடியவில்லை. கார் ஒயிலில்லாமல் நிற்கிறது, மறுநாள் வேலைக்குப் போகவேண்டும். உதிரிப்பாகக் கடைக்குப் போய், பழையதைக் காட்டி, எந்தக் கார், எந்த வருடம் என்று விளக்கி மாற்ற வேண்டும். வழக்கம் போல நான் கைப்பையை எடுக்க எழும்பினேன்.

கதவு திறந்தது. இவர் சேர்ட் மாற்றியிருந்தார். சமையலறை ஜன்னல் அவ்வளவு நேரமும் திறந்துதான் கிடந்திருக்கிறது. எவ்வளவு கேட்டார் என்று தெரியாது. குனிய முடியாதவர் குனிந்து, பழைய பில்டரை எடுத்து ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டார்.

"வா பிள்ளை, போவம்," என்றார் மீராவிடம்.

நானும் காலடி எடுத்து வைத்தேன்.

"நீர் நில்லும்," என்றார்.

இங்கே வந்து நான் ஓட்டப் பழகிய என் காரில் போனார்கள். கடை பக்கத்தில்தான், ஆனால் நேரம் போய்க்கொண்டே இருந்தது. நண்டுக் குழம்பை இரண்டு தரம் சூடாக்கினேன். உடுப்பை எடுத்து உள்ளே போட்டேன். வாசலில் போய் நின்றேன்.

மீராதான் முதலில் இறங்கி வந்தாள். இவர் பின்னால், புதுப் பில்டரின் பெட்டியில் எழுதியிருப்பதை வாசித்தபடி வந்தார். கடைக்காரப் பையன் கேட்டானாம், இவரே பதில் சொன்னாராம். அவனுக்கு விளங்கவில்லையாம். பின்னால் ஆட்கள் வரிசையில் நிற்க, இவர் நிறுத்தி நிறுத்தி மறுபடியும் சொன்னாராம். திருகுப் புரியின் அளவு, ரப்பர் வளையம், கடற்காற்றில் இரும்பு எப்படிப் பிடித்துக்கொள்ளும் என்பதெல்லாம். மீரா இடையில் புகாமல் கைகட்டி நின்றாளாம். இதெல்லாம் பிறகு சாப்பிடும்போது கேட்டுத் தெரிந்துகொண்டது. அந்த நேரம் அவள் வாசலில் வந்து என் தோளைப் பிடித்து, காதுக்குள் ஒரு வசனம்தான் சொன்னாள், தமிழில்.

"அம்மா, அப்பா கதைச்சது."

கதைச்சவர் என்று திருத்த வாயெடுத்தேன். பிறகு, வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.